விலை குறைந்த கைத்துப்பாக்கியை நம்பி உயிரை வைக்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் கணக்குப் படித்த தம்பி ஒருவர் இப்போது இலவம்பஞ்சு வியாபாரம் செய்கிறார். சீசனில் மயிலாடும்பாறையிலிருந்து வருசநாட்டுப் பக்கம் மலையடிவார ஊர்களுக்கு ரொக்கத்தோடு போய்விட்டு இருட்டின பிறகு பைக்கில் திரும்புகிறவர். போன வாரம் போன் பண்ணி, "சார், லைசென்சு போட்டு சின்னதா ஒரு துப்பாக்கி வாங்கி வச்சுக்கிடலாம்னு இருக்கேன். விலை கம்மியில ஒன்னு இருக்காம். அவசரத்துக்கு நம்பலாமா சார்?" என்று கேட்டார். இதே கேள்வியை நம்ம சொந்தத்திலும் ஒருவர் தன் மகளுக்காகக் கேட்டிருந்தார். இருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி, கள்ளச் சந்தைக் கைத்துப்பாக்கி பற்றி இங்கே பேச்சே கிடையாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு சிறை. மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு இது தெரியாத சங்கதி இல்லை. சட்டப்படி வாங்குவதை மட்டும் பார்ப்போம்.

வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியாள் இறக்குமதி செய்ய 1980-களிலிருந்தே கடும் கட்டுப்பாடு. அதனால் நம் நாட்டில் சாதாரண ஆள் வாங்கக்கூடியவை பெரும்பாலும் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் செய்தவைதான். 2014-இல் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' என்ற ரிவால்வர் வந்தது. .32 காலிபர், அரைக்கிலோ எடை, 6 தோட்டா. பெண்களின் தற்காப்புக்கு என்று சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். அப்போதைய விலை 1,22,360 ரூபாய். அடுத்து இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை 'நிடர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. .22 காலிபர், 250 கிராம், அறிமுக விலை சுமார் 35,000 ரூபாய். தம்பி கேட்ட 'விலை கம்மி' இதுதான். நிர்பீக், நிடர் இரண்டு பெயருக்கும் இந்தியில் 'பயமற்ற' என்றுதான் பொருள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் குண்டைச் செலுத்தாது.

நம்பகம் என்றால் என்ன? விசையை அழுத்தினால் வெடிக்க வேண்டும், அதுதானே என்பீர்கள். அது பாதிதான். அழுத்தாதபோது வெடிக்கக் கூடாது என்பது மறுபாதி. அமெரிக்காவில் டாரஸ் நிறுவனத்தின் விலை மலிவான சில பிஸ்டல்கள் கீழே விழுந்தாலே வெடிக்கின்றன என்று 2013-இல் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் சமரசத்துக்கு வந்து, 9 மாடல்களுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டது. சரி, விலை கூடினால் பிரச்சினை தீர்ந்ததா? அமெரிக்க ராணுவம் 2017-இல் தேர்ந்தெடுத்த பிஸ்டலின் மூல மாடல் சிக் சாவர் பி320. விலை உயர்ந்த சரக்கு. அதே 2017-இல், கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற புகார் எழுந்து, பொதுமக்கள் வாங்கியவற்றைத் திரும்ப வாங்கி உள்பாகங்களை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. ஆக, விலையை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. மலிவு என்பதால் மட்டும் ஒதுக்கவும் வேண்டாம், ஒரு லட்சம் கொடுத்தோம் என்பதால் மட்டும் நம்பவும் வேண்டாம்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? சுட்டுப் பார்த்துத்தான். வேறு வழி கிடையாது. எத்தனை தடவை சுட்டுப் பார்ப்பது? இங்கேதான் உங்கள் கணக்கு வாத்தியாருக்கு வேலை வருகிறது.

பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு படித்தீர்களே, நினைவிருக்கிறதா? புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒன்று உண்டு. ஒரு பொருளைப் பல தடவை சோதிக்கிறீர்கள், ஒரு தடவைகூடத் தவறவில்லை. அப்போது 3-ஐச் சோதனை எண்ணிக்கையால் வகுங்கள். உண்மையான தவறு விகிதம் அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம்.

50 தோட்டா சுட்டீர்கள், ஒன்றும் தவறவில்லை என்று வையுங்கள். 3 வகுத்தல் 50, அதாவது 6 சதவீதம். நூற்றுக்கு 6 தவறுகிற துப்பாக்கியாகவும் அது இருக்கலாம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட துப்பாக்கியில் 6 தோட்டா போட்டால், அந்த ஆறில் ஒன்றாவது தவற வாய்ப்பு எவ்வளவு? 0.94-ஐ ஆறு தடவை பெருக்கினால் ஏறக்குறைய 0.69. ஒன்றிலிருந்து கழித்தால் 0.31. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! இதுவே 300 தோட்டா தவறாமல் சுட்டிருந்தால் வரம்பு 1 சதவீதம். அப்போது ஆறில் ஒன்று தவற வாய்ப்பு 6 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

கடையில் வாங்கி, நாலு தோட்டா சுட்டுப் பார்த்து, "நல்லா வெடிக்குதுப்பா" என்று பீரோவில் வைக்கிறவருக்கு இந்தக் கணக்கின்படி எதுவுமே தெரியாது. வெடிக்கும் என்று நம்புகிறார், அவ்வளவுதான்.

300 தோட்டாவை எங்கே போய்ச் சுடுவது? தோட்டத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட முடியாது. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி அலட்சியமாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. மேற்கே மலைப்பக்கம் போனால் மேகமலைக் காடு. 2021-இலிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அங்கே துப்பாக்கியோடு நடந்தாலே வழக்கு. மதுரை மாதிரி ஊரில் ரைபிள் கிளப்பில் சேர்ந்து முறைப்படிப் பழகலாம். போக வர ஒரு நாள் ஆகும். உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் தோட்டாவும் வாங்க முடியாது. அந்த எண்ணிக்கைக்குள்தான் சோதனை, பயிற்சி, கையிருப்பு மூன்றும். சுட்டுத் தீர்க்கிற தோட்டாவின் செலவையும் சேர்த்தால் துப்பாக்கியின் விலை என்பது முன்பணம் மாதிரிதான். அதனால் நம்ம பக்கம் துப்பாக்கி வைத்திருக்கிற பலரும் அதைச் சோதித்ததே கிடையாது. மலிவான துப்பாக்கியின் முதல் குறை அதன் இரும்பில் இருப்பதைவிட, அதைச் சோதித்துப் பார்க்க நமக்கு வழியில்லாததில் இருக்கிறது என்பேன்.

அடுத்து தோட்டா. .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்பைச் சுற்றி இருக்கும். ஊசி அந்த விளிம்பில் அடித்தால்தான் பற்றும். .32-இல் அது நடு மையத்தில் தனிக் குப்பியாக இருக்கும். விளிம்பு முழுக்க மருந்து சீராகப் பரவாவிட்டால் அடி விழுந்த இடத்தில் பற்றாது. அதனால் .22 தோட்டா வெடிக்காமல் போகிற வாய்ப்பு மைய வகையைவிடக் கூடுதல். இது துப்பாக்கி செய்தவர் குறை இல்லை, தோட்டாவின் அமைப்பே அப்படி. ரிவால்வராக இருந்தால் ஒரு ஆறுதல்: ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்த, உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். நிர்பீக், நிடர் இரண்டும் ரிவால்வர்தான். இஷாப்பூரில் செய்கிற 'அஷானி' போன்ற பிஸ்டலில் அப்படி முடியாது. தோட்டா சிக்கிக்கொண்டால் இரண்டு கையையும் பயன்படுத்தி மேல்பாகத்தை இழுத்து விட வேண்டும். ஒரு கை பைக் ஹேண்டிலில் இருக்கிறவருக்கு அது ஆகிற காரியமா?

பழைய தோட்டா என்றால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம தமிழ்நாட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12-ஆம் தேதி, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். மிக அருகிலிருந்து சுட்டது. இருவருமே பிழைத்தார்கள். எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு இருக்கும் சுவரொட்டி ஊர் ஊராக ஒட்டப்பட்டதும், அந்தத் தேர்தலில் பரங்கிமலையில் அவர் ஜெயித்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டாக்கள் பல ஆண்டு பழையவை, மேசை இழுப்பறையில் உருண்டு உருண்டு வீரியம் போனவை, அதனால்தான் உயிர் தப்பினார்கள் என்பது அந்த வழக்கை ஒட்டி இன்றும் சொல்லப்படுகிற விளக்கம். அன்றைக்கு அது இரண்டு உயிருக்கும் நல்லதாகப் போயிற்று. தற்காப்புக்கென்று வாங்கி, அதே தோட்டாவைப் பத்து வருடம் பீரோவில் வைத்திருப்பவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் வெயிலும் மழைக்காலத்து ஈரமும் மருந்துக்கு ஆகாது.

மூன்றாவது, கை. இந்த ரிவால்வர்களில் சுத்தியை முன்கூட்டியே இழுத்து வைக்காமல் நேரே விசையை அழுத்திச் சுட்டால், நன்றாகப் பலம் கொடுத்து இழுக்க வேண்டும். இழுக்கிற வேகத்தில் குழல் ஆடும். குழல் குட்டை வேறு. நிதானமாக நின்று சுடும்போதே குறி விலகும் என்றால், நெஞ்சு படபடக்கும்போது? 1983-இல் அமெரிக்காவில் டென்னிஸ் டூலர் என்ற போலீஸ் பயிற்சியாளர் ஒரு சோதனை செய்து எழுதினார். கத்தியோடு நிற்கிற ஆள் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் ஓடி வந்துவிடுகிறான். இடுப்பு உறையிலிருந்து எடுத்துச் சுடப் பழகிய போலீஸ்காரருக்கே அந்த நேரம்தான் ஆகிறது. நம்ம ஆளுக்குத் துப்பாக்கி இருப்பது பைக் பெட்டியிலோ, தோள்பையின் அடியிலோ. எதிரே வருகிறவன் கையில் அரிவாள் ஏற்கெனவே இருக்கிறது. எப்போது, எந்த வளைவில் மறிப்பது என்பதையும் அவனே முடிவு செய்கிறான்.

நான்காவது, எங்கே வைப்பது என்பது. உரிமம் வாங்கும்போது பாதுகாப்பாக வைப்பேன் என்று உறுதிமொழி கொடுக்கிறோம். பூட்டி, தோட்டாவைத் தனியாக வைத்தால் பிள்ளைகள் கைக்குப் போகாது. ஆனால் ராத்திரி கதவை இடிக்கும்போது நம்ம கைக்கும் உடனே வராது. தலையணைக்கடியில் வைத்தால் கைக்கு வரும், பேரப்பிள்ளை கைக்கும் வரும். இந்த முடிச்சை எவ்வளவு விலை கொடுத்தாலும் அவிழ்க்க முடியாது. போதாததற்குத் தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும்.

இதோடு சேர்த்து, சொல்லச் சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்தவன். எத்தனையோ வீடுகளின் துக்கத்துக்குப் போய் நின்றிருக்கிறேன். குடித்துவிட்டு வருகிற ஆத்திரம், கடன் நெருக்கடி, பரீட்சை மார்க், காதல் தகராறு என்று ஒரு பத்து நிமிட வேகத்தில் நடந்துவிட்டவை பல. அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கு எது கிடைக்கிறது என்பதுதான் உயிரா சாவா என்பதைத் தீர்மானித்தது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டார் தற்கொலையில் இறக்கும் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வழிப்பறிக்காரன் என்றைக்கோ ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். வீட்டுக்குள் கோபமும் மனவருத்தமும் வந்து போய்க்கொண்டேதான் இருக்கும். நம்பகமான துப்பாக்கி அன்றைக்கும் நம்பகமாகத்தான் வெடிக்கும்.

சுட்டாயிற்று என்றே வையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். வழிப்பறிக்கும் அப்படியே. ஆனால் தேவைக்கு மேல் சேதம் செய்யக் கூடாது, காவல் துறையை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது என்று 37-ஆவது பிரிவு வரம்பு கட்டுகிறது. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் எந்த நீதிமன்றத்தில் என்ன சொல்வீர்கள்? நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதை நிரூபிக்கிற வரை வியாபாரம், நிம்மதி, தூக்கம் மூன்றும் போகும்.

மகளுக்காகக் கேட்டவருக்கு ஒரு வார்த்தை. நிர்பீக் வந்தபோதே, ஆயுத வன்முறைக்கு எதிராக உழைத்துவரும் மணிப்பூரின் பினலட்சுமி நெப்ரம் அதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்ணின் பாதுகாப்பை அவள் கையில் ஒரு துப்பாக்கியாகக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அந்த எதிர்ப்பின் சாரம் என்று நான் புரிந்துகொண்டேன். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவுக்காரனையோ, பக்கத்து வீட்டுக்காரனையோ, உடன் வேலை பார்க்கிறவனையோ நோக்கி முதல் விநாடியே ரிவால்வரை நீட்ட எந்தப் பெண்ணால் முடியும்? அந்தப் பிள்ளை வீட்டில் வந்து ஒன்றைச் சொன்னால் "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காத அப்பாதான் அவளுக்கு முதல் பாதுகாப்பு. 181, 112 எண்கள் போனில் இருக்கட்டும்.

யானை, காட்டுப்பன்றிக்கு ஆகுமா என்று கேட்பவர்களும் உண்டு. 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் தெருவுக்குள் வந்து நின்றதைப் பார்த்தோமே, அதன் முன் .32-ஐ எடுத்தால் யானைக்குக் கோபம்தான் வரும்.

எதிர்ப்பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆள் நடமாட்டமில்லாத எஸ்டேட் வீட்டில், போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆகிற இடத்தில், உண்மையான கொலை மிரட்டலோடு இருக்கிறவர் இருக்கிறார். "நீங்க ஊருக்குள்ள உக்காந்து பேசுறீங்க சார்" என்று அவர் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. அவருக்கு நான் சொல்வது இதுதான்: வாங்குவதானால் பிஸ்டலைவிட ரிவால்வர், .22-ஐவிட .32. முறையான பயிற்சி முடித்து, கிளப்பில் சேர்ந்து, பல மாதம் எடுத்தாலும் 300 தோட்டாவாவது சுட்டுக் கணக்கு எழுதி வையுங்கள். எந்தத் தோட்டாவை வைத்திருக்கப்போகிறீர்களோ அதே தோட்டாவில் சோதியுங்கள். குறித்த காலத்தில் பழையதைக் கிளப்பில் சுட்டுத் தீர்த்துப் புதியது வாங்குங்கள். வீட்டில் குடிப்பவரோ, மனச்சோர்வில் இருப்பவரோ, சின்னப் பிள்ளைகளோ இருந்தால் வாங்கவே வேண்டாம். இத்தனையும் செய்ய முடியாதென்றால் உங்களிடம் இருக்கப்போவது தற்காப்பு ஆயுதம் இல்லை, தைரியம் கொடுக்கிற ஒரு கனமான பொருள். அந்தப் பொய்த் தைரியம், போகக்கூடாத நேரத்தில் போகக்கூடாத பாதையில் போகச் சொல்லும். பெரிய ஆபத்து அதுதான்.

மற்ற எல்லோருக்கும் என் முடிவு: வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு கணக்குப் போடுங்கள். முதலில் ரொக்கத்தைக் குறையுங்கள். பாதியை வங்கி வழியாகவோ போன் வழியாகவோ அனுப்பினால், மறிக்கிறவனுக்குக் கிடைப்பது பாதியாகிவிடும். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே பாதை என்று போகாதீர்கள். இருட்டுவதற்கு முன் மலையடிவாரத்தை விட்டு இறங்குங்கள். கூட ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள், அவருக்குக் கூலி கொடுங்கள். கிளம்பும்போதும் சேரும்போதும் வீட்டுக்குப் போன் போடுங்கள். வீட்டுக்கு உறுதியான கதவு, வாசலில் நல்ல விளக்கு, ஒரு கேமரா, குரைக்கிற நாய், கூப்பிட்டால் ஓடி வருகிற பக்கத்து வீடு. யாராவது உண்மையிலேயே மறித்துவிட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பஞ்சு அடுத்த வருடமும் காய்க்கும்.

துப்பாக்கியில் தவறு விகிதம் 6 சதவீதமா, 1 சதவீதமா என்று பார்த்தோம். இந்த ஏற்பாடுகளிலும் சில தவறத்தான் செய்யும். விளக்கு அணையும், நாய் தூங்கும், போனில் சிக்னல் இருக்காது. ஆனால் இவற்றில் ஒன்று தவறினாலும் நம்ம வீட்டில் ஒரு உயிர் போகாது. நம்பகத்தைக் கணக்கிடும்போது எத்தனை தடவை தவறும் என்பதோடு, தவறினால் எதை இழப்போம் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், படிக்கிறேன். எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.